காலி நாற்காலிக்கும் ஒரு கெடு வேண்டும்: தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாகர்கோவிலிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அத்தானுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பித்தால் செலவில் ஒரு பகுதி கிடைக்கக்கூடும், தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் ஒன்றையும் வாங்கி இணைத்துவிடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நமக்கு இப்போது எம்.பி. யார்? யாரிடம் போய்க் கேட்பது?" என்றார் அக்கா.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் குடிமையியல் நடத்தியவள் நான். யாரும் இல்லை என்பதுதான் பதில் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கன்னியாகுமரியின் உறுப்பினர் எச். வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா தொற்றினால் சென்னையில் காலமானார். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் அந்தத் தொகுதி அவரை அனுப்பியிருந்தது. அவர் இடத்துக்கு விஜய் வசந்த் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது 2021 மே 2 அன்று. நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்: 247 நாட்கள். மக்களவைக்கு இடைத்தேர்தலை ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள், எட்டு மாதம் கடந்ததை என் சொந்த மாவட்டத்திலேயே பார்த்தேன்.

பரிந்துரை இல்லாமல் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் கையில் ஒரு கடிதத்தோடு போகிறவருக்கும் வெறும் கையோடு போகிறவருக்கும் உள்ள வேறுபாடு உங்கள் அலுவலக வாசலில் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கூட்டத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? கடைசியில் வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாநிலங்களவை உறுப்பினர் இரக்கப்பட்டுக் கடிதம் கொடுத்தார். அத்தான் இன்று நலமாக இருக்கிறார். எனவே இந்த மடலைத் தனிப்பட்ட மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை உறுத்துவது அந்தக் கடிதத்தைவிடப் பெரிய ஒன்று. அந்த 247 நாட்களில் அவையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020 செப்டம்பர் 17 அன்று வேளாண் சட்டங்களில் இரண்டு மக்களவையில் நிறைவேறின. 22ஆம் தேதி தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. மறுநாள், 23ஆம் தேதி, பெருந்துறைமுக ஆணையங்கள் மசோதா நிறைவேறியது. இனயம் துறைமுகத் திட்டத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடிய கடற்கரைக் கிராமங்கள் உள்ள தொகுதி கன்னியாகுமரி. துறைமுகங்களைப் பற்றிய சட்டம் அவைக்கு வந்த அன்று, அந்த ஊர்களுக்காக எழுந்து ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு சொல் சொல்ல அவர்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் அங்கே இல்லை. பிறகு 2021 பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கையும் வந்துபோனது.

கொரோனாக் காலத்தில் எப்படித் தேர்தல் நடத்துவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே 2020 அக்டோபர், நவம்பரில் பீகார் மாநிலம் முழுவதற்கும் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதனுடன் வால்மீகி நகர் மக்களவைத் தொகுதிக்கு நவம்பர் 7 அன்று இடைத்தேர்தலும் நடந்தது. ஒரு மாநிலமே வாக்களிக்க முடிந்த காலத்தில் ஒரு மாவட்டத்தால் முடியாது என்பதை நான் எப்படி ஏற்பது? கன்னியாகுமரியின் ஆறு மாதக் கெடு 2021 பிப்ரவரி இறுதியோடு முடிந்தது. தேர்தல் அட்டவணை பிப்ரவரி 26 அன்றுதான் அறிவிக்கப்பட்டது, அதுவும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. சட்டமன்றத் தேர்தல் வரும்வரை அந்த நாற்காலி காத்திருந்தது என்பதுதான் எனக்குப் புரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் 151அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். விலக்கு இரண்டு உண்டு. காலியிடத்துக்கு மிச்சமிருக்கும் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் தேர்தல் வேண்டாம். அல்லது, அந்த ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தால் அந்தக் கெடு பொருந்தாது.

இந்த இரண்டாவது விலக்கில்தான் கோளாறு. எது கடினம் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தச் சான்றைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று சொல்லவில்லை. கெடு தாண்டினால் அதற்குப் பின் எத்தனை மாதத்துக்குள் நடத்தியே தீர வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. ஒரு மாணவன் விடுப்புக் கடிதத்தில் "கடினமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தேர்தல் வேலை எனக்குப் புதிதில்லை. ஆசிரியை என்பதால் பலமுறை வாக்குச்சாவடிப் பணிக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். முதல் நாள் மாலையே போய் வகுப்பறைப் பெஞ்சில் படுத்து, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தில் முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவள். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். சட்டப்படி அதற்கு எத்தனை நாள் தேவை என்பதும் தெரியும். அறிவிக்கை வந்த பின் வேட்புமனுவுக்கு ஏழு நாள், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் திரும்பப் பெறக் கடைசி நாள், அதன் பின் குறைந்தது பதினான்கு நாள் கழித்து வாக்குப்பதிவு. கூட்டினால் 24 நாள். விடுமுறை நாட்கள் குறுக்கே வந்தால் ஒன்றிரண்டு கூடும். 24 நாள் வேலைக்கு ஆறு மாதம் கொடுத்திருக்கிறது சட்டம். அதுவும் போதவில்லை என்றால் காரணத்தை எழுதிக் காட்ட வேண்டாமா?

முடியும் என்பதற்கும் சான்று நம்மிடமே உண்டு. இதே வசந்தகுமார் 2019இல் மக்களவைக்குத் தேர்வானபோது தம் நாங்குநேரி சட்டமன்ற இடத்தை விட்டுவிலகினார். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்றே அங்கே இடைத்தேர்தல் முடிந்துவிட்டது. லட்சத்தீவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் அதன் உறுப்பினர் முகமது ஃபைசல் தண்டனை பெற்றதால், 13ஆம் தேதி அவரைத் தகுதிநீக்கம் செய்யும் அறிவிக்கை வந்தது. ஐந்தே நாளில், 18ஆம் தேதி, இடைத்தேர்தல் அட்டவணையும் வந்துவிட்டது! கேரள உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை நிறுத்திவைத்த பிறகே அது தள்ளிவைக்கப்பட்டது.

அதே 2023இல் புனே. மார்ச் 29 அன்று அதன் உறுப்பினர் கிரிஷ் பாபட் காலமானார். பதினேழாவது மக்களவையின் காலம் 2024 ஜூன் வரை இருந்தது, அதாவது ஓராண்டுக்கும் மேல். தேர்தல் நடக்கவில்லை. பொதுத்தேர்தல் ஏற்பாடுகளில் ஈடுபட்டிருக்கிறோம், வெற்றி பெறுபவருக்குக் கிடைக்கும் காலமும் குறைவு என்று ஆணையத் தரப்பில் சொல்லப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் அந்த வாதத்தை ஏற்காமல், உடனே இடைத்தேர்தல் நடத்த உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. புனே மக்கள் அடுத்த பொதுத்தேர்தலில்தான் வாக்களித்தார்கள். அதே 2023 மே மாதம் காலமான இரு உறுப்பினர்களின் தொகுதிகளான அரியானாவின் அம்பாலாவும், மகாராஷ்டிரத்தின் சந்திரபூரும் அப்படியே காலியாகக் கிடந்தன. 2023 செப்டம்பர் 20 அன்று பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா 454 வாக்குகளுடன் நிறைவேறியபோது ஒரு பெண்ணாக நானும் தொலைக்காட்சி முன் மகிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கெடுப்பில் இந்த மூன்று ஊர்ப் பெண்களுக்கும் உறுப்பினர் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

உங்களில் வேலூர்ப் பகுதியை அறிந்தவர்கள் இன்னொன்றையும் மறந்திருக்க மாட்டீர்கள். அது இடைத்தேர்தல் இல்லை, ஆனாலும் இதே வலிதான். 2019இல் பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து ஏப்ரல் 16 அன்று வேலூர்த் தேர்தல் ரத்தானது. தவறு செய்தவர்கள் யாராக இருந்தாலும் நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது ஆகஸ்ட் 5 அன்று. புதிய மக்களவையின் முதல் கூட்டத்தொடர் ஜூன் 17இல் தொடங்கி ஆகஸ்ட் 6இல் முடிந்தது. நிதிநிலை அறிக்கை, தகவல் உரிமைச் சட்டத் திருத்தம், முத்தலாக் தடை மசோதா, எல்லாம் அந்தத் தொடரில் வந்தன. கடைசி நாளான ஆகஸ்ட் 6 அன்று ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா நிறைவேறியது. வேலூர்க்காரர்கள் விரலில் மை காயாத நாள் அது. 8,141 வாக்கு வித்தியாசத்தில் கதிர் ஆனந்த் வென்றார் என்று தெரியவந்தது ஆகஸ்ட் 9 அன்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் முத்தலாக் மசோதாவைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சை டெல்லிக்குக் கொண்டுபோக ஆள் இல்லை.

இப்போதைய பதினெட்டாவது மக்களவையிலும் அதுவே தொடர்ந்தது. மேற்கு வங்கத்தின் பசீர்ஹாட் உறுப்பினர் ஹாஜி நூருல் இஸ்லாம் 2024 செப்டம்பர் 25 அன்று காலமானார். அடுத்த மாதம் வயநாட்டுக்கும் நாந்தேடுக்கும் இடைத்தேர்தல் அறிவித்தபோது பசீர்ஹாட்டை விட்டுவிட்டார்கள். தேர்தல் வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 9 அன்று குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் நடந்தது. திருப்பூரில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று வென்றார். அன்று மக்களவையின் 543 இடங்களில் 542க்குத்தான் வாக்கு இருந்தது. விடுபட்ட ஒன்று பசீர்ஹாட். ஏறத்தாழ ஓராண்டாகியிருந்தது. வழக்கை விரைந்து முடிக்கும் பொறுப்பு வாக்காளர் தலையில் எப்படி விழுந்தது?

சென்னைக்காரியாக இதில் எனக்குப் பழைய நினைவும் உண்டு. 2003 நவம்பர் 23 அன்று மத்திய சென்னையின் உறுப்பினர் முரசொலி மாறன் காலமானார். அப்போதும் நான் இந்தத் தொகுதியில்தான் இருந்தேன். சில மாதங்களில் மக்களவையே கலைக்கப்பட்டு 2004 மே மாதம் பொதுத்தேர்தல் வந்துவிட்டது. இடைத்தேர்தலுக்கு அங்கே இடமில்லை, சட்டப்படியும் தேவையில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஓராண்டு விலக்கில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். அதே மாறன் முதன்முதலில் மக்களவைக்குப் போனதே ஓர் இடைத்தேர்தலில்தான். 1967இல் தென் சென்னையில் வென்ற அண்ணா முதலமைச்சராகி அந்த இடத்தை விட்டபோது, அதே ஆண்டில் நடந்த தேர்தலில் அவர் தேர்வானார். 1973 மே 20 அன்று திண்டுக்கல்லில் நடந்த இடைத்தேர்தல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது, எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் மாயத்தேவர் அங்கே வென்றதை உங்களில் மூத்தவர்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். ஒரு தொகுதி மக்கள் நடுவில் ஒருமுறை வாய் திறந்து பேசுவதால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? மாறாக, 2000 ஆகஸ்டில் ரங்கராஜன் குமாரமங்கலம் மறைந்தபின் திருச்சிராப்பள்ளி அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வரை காத்திருந்தது. சேர்த்து நடத்தும் பழக்கம் நேற்று வந்ததில்லை.

சேர்த்து நடத்தினால் செலவு மிச்சம் என்பார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு தொகுதிகளில் போட்டியிட்டு, இரண்டிலும் வென்று, ஒன்றை விட்டுவிடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வயநாட்டில் 2024இல் ஏழு மாதத்துக்குள் இரண்டு தேர்தல் நடந்ததற்குக் காரணம் அதுதான். மாநிலத் தேர்தல் வரும்போது மக்களவை உறுப்பினர்களையே வேட்பாளராக நிறுத்துவதைக் கட்சிகள் எல்லாம் செய்கின்றன. 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் வென்றவர்கள் விலகியபோது அத்தனை தொகுதிகளும் கடைசிக் கூட்டத்தொடரில் வெறுமையாக இருந்தன. அங்கெல்லாம் செலவு நினைவுக்கு வருவதில்லை. ஓர் உறுப்பினர் இறந்துபோன ஊருக்குத் தேர்தல் நடத்தும்போது மட்டும் வருகிறது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன், ஆணையத்துக்கு எழுதலாமே என்று நினைக்கலாம். ஆணையம் சட்டத்தில் உள்ள வாசலைத்தான் பயன்படுத்துகிறது. அந்த வாசலை அடைக்க உங்களால்தான் முடியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடமும் குறையக்கூடாது என்று நீங்கள் அவைக்குள்ளும் வெளியிலும் போராடினீர்கள். 2025 மார்ச் 22 அன்று பல மாநிலத் தலைவர்கள் இந்தச் சென்னையில் கூடிப் பேசினார்கள். நான் அந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 41 ஆக இருந்த நம் இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆனதை நாம் இன்னும் மறக்கவில்லை. அப்படியானால், 2020 ஆகஸ்ட் முதல் 2021 மே வரை நமக்கு 38 பேர்தான் இருந்தார்கள் என்பதை ஏன் மறந்தோம்? அன்று யாரும் முழக்கம் எழுதிய சட்டை அணிந்து அவைக்கு வரவில்லை. உங்கள் மீது கோபத்தில் இதைச் சொல்லவில்லை. ஒரு இடத்தின் அருமை தெரிந்தவர்கள் என்பதால்தான் உங்களிடம் வருகிறேன்.

எனவே 151அ பிரிவைத் திருத்த ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவாருங்கள். உங்களில் யார் பெயரில் வந்தாலும் சரி, எந்தக் கட்சி என்றாலும் சரி. நீளமான மசோதா வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் நடத்த முடியாது என்று சான்றளித்தால், அந்தச் சான்று காரணங்களோடு அரசிதழிலும், அந்தத் தொகுதி மக்கள் பேசும் மொழியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வெளியாக வேண்டும். அப்படித் தள்ளிவைத்தாலும் மேலும் மூன்று மாதத்துக்குள் நடத்தியே தீர வேண்டும். அதற்கு மேல் தள்ள நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வேறு பொதுத்தேர்தல் நெருங்குகிறது என்பதும், தோற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதும் தனியே ஒரு காரணமாகக் கொள்ளப்படக் கூடாது. 2023இல் வயநாட்டில் ராகுல் காந்திக்கும் லட்சத்தீவில் ஃபைசலுக்கும் நடந்ததுபோல் தகுதிநீக்கம் நீதிமன்றத்தில் தலைகீழாக மாறக்கூடிய இடங்களுக்கு மட்டும், மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு சொல்லும்வரை சிறிது காலம் விலக்குத் தரலாம். ஓராண்டு விலக்கு ஆறு மாதமாகக் குறைய வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். அதில் மட்டும் நீங்கள் வேறு எண் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இடம் காலியாக இருக்கும் நாட்களில் அந்தத் தொகுதி மக்கள் யாரை அணுகுவது என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். பக்கத்துத் தொகுதி உறுப்பினர் ஒருவரையோ, மாநிலத்தின் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரையோ அவைத்தலைவர் பொறுப்பாக்கி அறிவிக்கலாம். இதற்குச் சட்டம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அடுத்த முறை யாராவது ஓர் அக்கா கடிதம் கேட்டு அலையும்போது, போக ஒரு வாசலாவது இருக்கும்.

தனிநபர் மசோதா எங்கே நிறைவேறப்போகிறது என்று சொல்வார்கள். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூட இரு அவைகளையும் கடந்து சட்டமானதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான மசோதாவை மாநிலங்களவை ஒரே குரலில் ஏற்றபோது அதைக் கொண்டுவந்தவர் நம் திருச்சி சிவா. மக்களவையில் அது நிறைவேறவில்லை என்றாலும், அரசு தன் சொந்தச் சட்டத்தை 2019இல் கொண்டுவரும் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. தனிநபர் மசோதாக்களை எடுத்துக்கொள்ளும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் அவை பாதி காலியாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். யாராவது ஒருவர் எழுந்து, கன்னியாகுமரி 247 நாள் என்று அவைக்குறிப்பில் ஏறும்படி சொல்லுங்கள்.

மேலே கேட்டிருக்கும் திருத்தத்தை ஒரே பக்கத்தில், சட்டம் படித்த என் பழைய மாணவி ஒருத்தியின் உதவியோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மடலோடு சேர்த்து உங்கள் ஒவ்வொருவரின் தொகுதி அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குமுன் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஏற்க முடியாத வரி எது என்று அடிக்கோடிட்டு அனுப்பினாலும் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
மத்திய சென்னை வாக்காளர்,
எழும்பூர், சென்னை.